மேலே கிடக்கும் ஒரு முழம் மண்

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு வெட்டப் போய்க் கறுப்பாக ஏதோ வந்தது. நெய்வேலியின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1957இல் சுரங்கம் வெட்டத் தொடங்கினார்கள்.

அந்தக் கறுப்புப் பொருளான பழுப்பு நிலக்கரி அங்கே 50 முதல் 100 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. ஒரு டன் எடுக்க 5 கன மீட்டருக்கும் மேல் மண்ணையும் மணற்பாறையையும் அகற்ற வேண்டும். ராட்சதச் சக்கரங்கள் வாரிப் போடுவதைக் கன்வேயர் பெல்ட்டுகள் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. அப்போது பூமி தலைகீழாகிவிடுகிறது. வெயிலே படாத அடிமண் மேலே வருகிறது. அதில் மட்கும் தழைச்சத்தும் மிகக் குறைவு. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் சரிவில் ஓடி, கொட்டிய மேட்டை வாய்க்கால் வாய்க்காலாக அறுக்கிறது.

பக்கத்து வயலில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பாருங்கள். மழை வாசம் அடிக்கும். கட்டியை உடைத்தால் நூலை விட மெல்லிய வேர்கள் தெரியும். வேர்களோடு ஒட்டி வாழும் பூஞ்சை இழைகள் கண்ணுக்கே தெரியாது. வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை இழுத்து வந்து பயிருக்குக் கொடுப்பவை அவைதான். களை என்று நாம் பிடுங்குகிற செடிகளின் விதைகளும் அதற்குள் உறங்குகின்றன. இத்தனையும் பெரும்பாலும் மேலே உள்ள ஒரு முழத்துக்குள்தான்.

ஆகவே சுரங்கம் வெட்டும் முன் மேல்மண்ணைத் தனியே வழித்தெடுக்க வேண்டும். அது மட்டும் போதாது. உயரமாகக் குவித்து வருடக்கணக்கில் போட்டுவைத்தால் காற்றில்லாமல் உள்ளே பூஞ்சையும் விதையும் செத்துப்போகும். எடுத்த சூட்டோடு, சமன்செய்த மேட்டில் பரப்புவதே நல்லது. பிறகு தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழலாம். நெய்வேலி மண்மேடுகளில் மரங்கள் வளர்ந்திருக்கின்றன. நெல்லும் பயிரிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மரம் வளர்ந்துவிட்டது என்பதாலேயே அது பழைய வயல் ஆகிவிட்டதாக நான் நினைக்கவில்லை.

சுரங்கம் போன்ற திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1994 முதல் நம் நாட்டில் சட்டப்படி கட்டாயம். இப்போது நடப்பில் இருப்பது 2006 அறிவிக்கை. மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன் மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தை மாநில மொழியில், அதாவது இங்கே தமிழில், தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. கூட்டத்தில் இழப்பீடும் வேலையும் பேசப்படுகின்றன; பேசத்தான் வேண்டும். அந்தச் சுருக்கத்தை வாங்கி, ‘மேல்மண்’ என்ற சொல் எங்கே வருகிறது என்றும் தேடுங்கள். எங்கே குவிப்பார்கள், எத்தனை மீட்டர் உயரத்துக்கு, எத்தனை மாதத்தில் திரும்பப் பரப்புவார்கள் என்று கேளுங்கள். முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்பே பதில் வந்தாக வேண்டிய கேள்விகள் இவை.