விற்ற ரவை திரும்புமா?

அரிசி, பால், குழந்தைக்குச் சட்டை, சுவருக்கு வர்ணம் ஆகிய யாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வாங்கக்கூடிய பெருங்கடைகள் இன்று நம் நாட்டு மக்களுக்குப் புதியன அல்ல. ஆயின், அத்தகைய கடையொன்றிலே தூண்டிற் கோலுக்கும் கூடாரத் துணிக்கும் அருகே துப்பாக்கி ரவைப் பெட்டிகளும் அடுக்கப்பட்டிருக்கும் காட்சியை நாம் கற்பனை செய்தலும் அரிது. நம் நாட்டிலே துவக்கு வைத்திருக்கும் கமக்காரன் அதற்கென அனுமதிப் பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ, பெரும்பாலான மாநிலங்களில் ரவை வாங்குதல் சவர்க்காரம் வாங்குதலினும் சிறிதே கடினமானது. அங்கே ரவை வாங்கச் சென்றோர் பெற்ற அனுபவங்களை ஆராயுமிடத்து, விற்பவன் பொறுப்பு எவ்விடத்தில் முடிவடைகின்றது என்னும் பெரிய கேள்வி ஒன்று எழுகின்றது.

பழைய கடையும் புதிய கடையும்

முன்னாளிலே அமெரிக்கக் கிராமத்து வேட்டைக்காரன் ரவை வாங்கியது ஊரிலுள்ள இரும்புச் சாமான் கடையிலேயாம். கடைக்காரர் அவனை அறிவார். அவன் தந்தையையும் அறிவார். அவன் வீட்டிலே எந்தத் துவக்கு உண்டு என்பதனையும் அறிவார். 1962ஆம் ஆண்டிலே வோல்மார்ட், கேமார்ட் என்னும் இரு பெருங்கடைகளும் தோன்றின. வோல்மார்ட்டை ஆர்கன்சா மாநிலத்திலே தொடங்கிய சாம் வோல்ற்றன் தாமே பறவை வேட்டையிற் பெருவிருப்புடையவர். அவருடைய வேட்டை நாயின் பெயரே பிற்காலத்தில் அக்கடையின் நாயுணவு வகையொன்றுக்குச் சூட்டப்பட்டது. அத்தகையவரின் கடையிலே ரவை விற்கப்பட்டதில் வியப்பில்லை. விலை குறைந்தது; கடை பெருகியது; விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே இருந்த அறிமுகம் மட்டும் மறைந்தது.

இன்று அக்கடைக்குச் செல்லும் வேட்டைக்காரன் பூட்டிய கண்ணாடி அலுமாரியின் முன் நின்று, திறப்பு வைத்திருக்கும் ஊழியரைத் தேடுகின்றான். வருபவர் சற்று முன்னர் சைக்கிள் விற்றவராக இருத்தல் கூடும். அவர் சாரதி அனுமதிப் பத்திரத்தில் வயதைப் பார்க்கின்றார்; பெட்டியை எடுத்துக் கொடுக்கின்றார். தோட்டா 25, கைத்துப்பாக்கி ரவை 50, மான் வேட்டை ரவை 20 என்பன பெட்டிகளின் வழக்கமான அளவுகள்.

இதிலே அறிவு வேண்டுமா என வாசகர் வினவலாம். ஓர் உதாரணம் கூறுவோம். 20 போர் தோட்டா 12 போர் தோட்டாவினும் சிறியது. அதனைத் தவறுதலாக 12 போர் துவக்கிலே இட்டால், அது குழாயினுள் நழுவிச் சென்று இடையிலே சிக்கிக் கொள்ளும். தோட்டா இல்லையென எண்ணிப் பின்னால் வேறொன்றை இட்டுச் சுட்டால் குழாய் வெடித்துக் கையையே சிதைத்துவிடும். இதனாலேயே 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வழங்கப்பட்டது. பழைய கடைக்காரர் வாய்ச்சொல்லாற் செய்த பணியைப் புதிய கடையிலே நிறமே செய்ய வேண்டியதாயிற்று.

வெறுமையான அலுமாரி

2012 டிசெம்பரிலே நியூட்டவுன் என்னும் ஊரின் பாடசாலையிலே 20 குழந்தைகளும் 6 ஆசிரியைகளும் ஊழியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். புதிய சட்டம் வரும் என்ற பேச்சு எழுந்தது. சட்டம் வருமுன் வாங்கிவிட வேண்டும் என்று மக்கள் கடைகளை மொய்த்தனர். 2013 ஜனவரியிலே, ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டிகள் என வோல்மார்ட் வரையறுத்தது. அதிகாலையிலே சரக்கு வண்டியை எதிர்பார்த்து வரிசையில் நின்றோர் பலர். வாங்கியதை அதிக விலைக்கு மறுவிற்பனை செய்தோரும் உளர். பிள்ளைக்குக் குறி பார்த்துச் சுடப் பழக்குதற்குச் சிறு ரவை தேடிச் சென்ற தந்தையர் வெறுமையான அலுமாரியைக் கண்டு திரும்பினர். 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்திலும் இக்காட்சியே மீண்டும் தோன்றிற்று. அச்சமே ரவையின் சிறந்த விற்பனையாளன் என்பதனை இவ்விரு காலங்களும் காட்டின.

சரக்கைத் திருப்பிக் கொண்டு வந்த இளைஞர்

அமெரிக்கப் பெருங்கடைகள் வாங்கிய பொருளைத் திருப்பி எடுப்பதிலே தாராளமானவை. சட்டை பொருந்தாவிடினும், அடுப்பு எரியாவிடினும் பணத்தை மீளக் கொடுத்துவிடும். ரவையை மட்டும் அவை பொதுவாகத் திருப்பி எடுப்பதில்லை. எனினும், அதனைத் திருப்பிக் கொடுக்கச் சென்ற இருவர் உளர்.

1999 ஏப்ரல் 20ஆம் நாள் கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் பாடசாலையிலே, அங்கு கற்ற மாணவர் இருவர் 12 மாணவரையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்று தாமும் மாய்ந்தனர். அதற்கு முந்திய மாலையிலே, அவர்களுள் ஒருவனுக்காக வயது வந்த இளைஞர் ஒருவர் கேமார்ட் கடையிலே 100 கைத்துப்பாக்கி ரவைகளை வாங்கிக் கொடுத்திருந்தார். 21 வயது நிரம்பாதவனுக்குச் சட்டப்படி கடை அவற்றை விற்றிருத்தல் இயலாது. வயது வந்தவருக்கு விற்றதிலே சட்டக் குற்றம் யாதுமில்லை.

அச்சம்பவத்திலே காயமுற்றுப் பிழைத்த மாணவர் இருவர், உடலினுள்ளே ரவைகள் தங்கியிருந்த நிலையிலேயே, மிஷிகன் மாநிலத்திலுள்ள கேமார்ட் தலைமை அலுவலகத்துக்குச் சென்றனர். ஒருவர் சக்கர நாற்காலியிலே சென்றார். திரைப்பட இயக்குநர் மைக்கல் மூர் அவர்களை அழைத்துச் சென்றார். உங்கள் கடையிலே விற்ற சரக்கை உங்களிடமே கொண்டு வந்துள்ளோம் என்பதே அவர்கள் வருகையின் பொருள். முதல் நாள் காத்திருந்தது வீணாயிற்று. பின்னர் அண்மையிலிருந்த கேமார்ட் கிளையிலே ரவைகளை வாங்கிக் கொண்டு, மறுநாள் பத்திரிகையாளரோடு மீண்டும் சென்றனர். அன்று, கைத்துப்பாக்கி ரவை விற்பனையை 90 நாள்களுக்குள் நிறுத்துவதாகக் கேமார்ட் அறிவித்தது. இது நிகழ்ந்தது 2001ஆம் ஆண்டிலே. 2002இல் வெளியான ‘போலிங் போர் கொலம்பைன்’ என்னும் படத்திலே இக்காட்சி இடம்பெற்றுள்ளது. எந்தச் சட்டமும் கட்டளையிடாத ஒன்றை, வாயிலில் நின்ற இரு பிள்ளைகளின் காயங்கள் செய்வித்தன.

கடையே களமான போது

2019 ஆகஸ்ட் 3ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகரிலே, வோல்மார்ட் கடையொன்றிலேயே ஒருவன் சுட்டதிற் பின்னர் இறந்தவரோடு 23 பேர் மாண்டனர். பாடசாலை தொடங்கும் காலமாதலின், பிள்ளைகளுக்குப் பொருள் வாங்க வந்த குடும்பங்கள் அங்கே நிறைந்திருந்தன. ஒரு மாதத்தின் பின், கைத்துப்பாக்கி ரவைகளையும், போர்த் துப்பாக்கியை ஒத்தவற்றுக்குப் பயன்படும் சில ரவைகளையும், இருப்பு முடிந்தபின் விற்பதில்லை என வோல்மார்ட் அறிவித்தது. நாட்டின் ரவை விற்பனையிலே ஏறத்தாழ 20 சதவீதமாயிருந்த தன் பங்கு 6 முதல் 9 சதவீதமாகக் குறையும் என்றும் அது கணித்தது. வேட்டைக்குரிய ரவைகளையும் தோட்டாக்களையும் தொடர்ந்து விற்க முடிவு செய்தது. சிலர் பாராட்டினர், சட்டத்துக்கு அமைந்து நடக்கும் தம்மை ஏன் தண்டிக்க வேண்டும் எனச் சிலர் சினந்தனர். தூரத்துக் கிராமங்களில் வாழ்வோருக்கு அது உண்மையான இடரேயாம்.

சட்டமும் இயந்திரமும்

1968ஆம் ஆண்டுச் சட்டம் ரவை வாங்குவோர் விபரத்தை ஏட்டிலே பதியுமாறு விதித்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நீக்கிற்று. கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல், வாங்குவோனின் பின்னணியை ஒவ்வொரு முறையும் சோதிக்கும் முறையைக் கொணர்ந்தது. தடை செய்யப்பட்டோர் சிலர் அதனாற் பிடிபட்டனர். பெயரோ முகவரியோ ஏட்டோடு பொருந்தாமையால் குற்றமற்றோர் பலரும் வெறுங்கையோடு திரும்பினர். 2025 ஜூலையிலே மேன்முறையீட்டு நீதிபதிகள் மூவருள் இருவர் அச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தனர். வழக்கு அதனோடு ஓயவில்லை.

2024ஆம் ஆண்டிலே அலபாமா, ஒக்லஹோமா மாநிலங்களின் சில பலசரக்குக் கடைகளிலே ரவை விற்கும் தானியங்கி இயந்திரங்கள் நிறுவப்பட்டன. இயந்திரம் அடையாள அட்டையைப் படித்து, முகத்தோடு ஒப்பிட்டு, 21 வயது நிரம்பியவருக்கே பெட்டியை வழங்கும். சோர்வுற்ற ஊழியரினும் அது கவனமாகப் பார்க்கும் என்று அமைத்தோர் கூறுவதை நாம் முற்றாக மறுத்தற்கில்லை. ஆயினும், 1999இலே 100 ரவைகளை வாங்கியவரை எண்ணிப் பாருங்கள். அவர் வயது சரி; முகமும் அட்டையும் பொருந்தும். இயந்திரமும் அவருக்கு விற்றிருக்கும்.

ஆதலின், கடையின் வாயிலோடு பொறுப்பு முடிவதில்லை. எதனை இங்கு விற்கலாம் எனத் தீர்மானிக்கும் வணிகன் ஒரு காவலன். வாங்கியதை யார் கையிற் கொடுக்கலாம் எனத் தீர்மானிப்பவன் மற்றொரு காவலன். வேண்டிக் கேட்டான் என்பதற்காக அம்மாணவனிடம் பெட்டியை நீட்டிய இளைஞர், அவ்விருவருக்குக் கைத்துப்பாக்கி விற்ற குற்றத்துக்காகப் பின்னர் 6 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அன்று மாலை அவர், “எதற்காக?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊர்க் கடைக்காரர் அந்நாளிலே வழக்கமாகக் கேட்ட கேள்வியும் அதுவே. கேட்பதற்குச் சட்டம் வேண்டியதில்லை, இயந்திரமும் வேண்டியதில்லை.