வெள்ளியில் விரியும் சிறகுகள்

மலாய்மொழியில் ‘பேராக்’ என்ற சொல்லுக்கு வெள்ளி என்பது பொருள். இம்மாநிலத்தில் கிடைத்த ஈயம் வெள்ளியைப் போல் மின்னியதால் இப்பெயர் ஏற்பட்டிருக்கலாம் என்பர். ஈப்போ நகரம் செழித்ததும் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்தால்தான். வெள்ளியின் பெயரைத் தாங்கிய இம்மண்ணில் தும்பியும் சில்வண்டும் வண்ணத்துப்பூச்சியும் நிறைந்துள்ளன. இத்தகைய சிற்றுயிர்களின் உருவத்தை வெள்ளியில் வடிப்பது நுட்பமான கைத்தொழிலாகும்.

பூச்சிகளை அணிகலனாக்கும் வழக்கம் மிகப் பழமையானது. பண்டைய எகிப்தியர் சாணவண்டின் உருவத்தைக் கல்லில் செதுக்கி, மோதிரங்களிலும் பதக்கங்களிலும் பதித்து அணிந்தனர். அவ்வண்டை மறுபிறப்பின் சின்னமாக அவர்கள் கருதினர். தமிழகத்தின் தென்மாவட்டங்களில் பாட்டிமார் அணிந்த காதணிகளுள் ஒன்றின் பெயர் ‘பூச்சிக்கூடு’ என்பதாகும்.

பூச்சிகள் அணிகலனுக்கு உருவத்தை மட்டும் வழங்கவில்லை, மூலப்பொருளையும் வழங்குகின்றன. தேனீ தரும் மெழுகில் கைவினைஞர் முதலில் உருவத்தைச் செய்வார். அதன்மேல் களிமண் பூசிச் சூடேற்றினால், மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவர். ஆறிய பின்னர் அச்சை உடைத்து உருவத்தை எடுப்பர். சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் இம்முறையிலேயே வார்க்கப்பட்டன. அதுபோலவே, உள்ளீடற்ற நகைகள் நசுங்காமலிருக்க அவற்றுள் அரக்கை நிரப்புவதுண்டு. அவ்வரக்கும் மரக்கிளைகளில் வாழும் ஒருவகைப் பூச்சியிடமிருந்தே கிடைக்கிறது.

தூய வெள்ளி மென்மையானது, எளிதில் வளைந்துவிடும். ஆகவே, 92.5 விழுக்காடு வெள்ளியுடன் பெரும்பாலும் 7.5 விழுக்காடு செம்பைக் கலப்பர். சிறகின் நரம்புகளைச் செய்வதற்கு வெள்ளியைக் கம்பியச்சின் துளைகள் வழியாக இழுத்து, மெல்லிய கம்பியாக்குவர். கம்பிகளை வளைத்துப் பொருத்தி, பற்றாசும் வெண்காரப் பொடியும் வைத்து, ஊதுகுழலால் தீயை ஊதி ஒட்டுவர். ‘பொடி வைத்துப் பேசுதல்’ என்னும் வழக்கு இத்தொழிலிலிருந்தே பிறந்ததாகக் கூறுவர். வெப்பம் சற்று மிகுந்தாலும் கம்பி உருகி, பல மணிநேர உழைப்பு வீணாகிவிடும். இறுதியில் கந்தகம் கலந்த பொருளால் வெள்ளியைக் கருமையாக்கி, மேடான பகுதிகளை மட்டும் மெருகேற்றுவர். அப்போது சிறகின் கோடுகள் தெளிவாகத் தோன்றும்.

இக்கலைக்குப் பேராக் மாநிலம் சிறந்த மாதிரிகளைக் கொண்டுள்ளது. கோப்பேங் அருகிலுள்ள உலு கெரோவில் மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சியான ராஜா புரூக்கைக் காணலாம். 1855-ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் இதற்குச் சரவாக் மன்னரின் பெயரைச் சூட்டினார். கரிய சிறகில் பச்சை முக்கோணங்கள் வரிசையாக அமைந்திருப்பது இதன் தனி அழகு. இவ்வழகுக்காகவே இதனைப் பிடித்துக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்து விற்போரும் இருந்தனர். இன்று இதன் அனைத்துலக வாணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. வெள்ளிச் சிறகுக்காகவோ எந்த உயிரும் மடிய வேண்டியதில்லை. கூர்ந்து நோக்கும் கண்ணும் பொறுமையான கையும் போதும்.

1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னர், பேராக் முழுவதும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. விடியுமுன் பால்மரம் சீவச் சென்றோருக்குச் சில்வண்டின் ஒலியும் மின்மினியின் ஒளியும் பழகியவை. இன்று பல தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. பூச்சிகளைப் பெயர் சொல்லி அறிந்த தலைமுறையும் குறைந்து வருகிறது. மறுபுறம், இயந்திரங்கள் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கான நகைகளை விரைவாக வார்த்துத் தள்ளுகின்றன. கைவினைஞரின் தொழில் நலிகிறது.

கையால் செய்த தும்பியின் இரு சிறகுகள் அச்சு அசலாக ஒத்திருப்பதில்லை. உயிருள்ள தும்பிக்கும் அப்படியே. அந்தச் சிறு வேறுபாடே அதற்கு உயிரோட்டம் தருகிறது. காடு அழிந்தால் கலைஞருக்கு மாதிரி இல்லை. கலைஞர் மறைந்தால் அந்த நுட்பத்தைக் கற்பிக்க ஆள் இல்லை. எனவே, கைத்தொழிலையும் அதற்கு மாதிரியாக விளங்கும் சிற்றுயிர்களையும் சேர்த்தே காப்பது இன்றியமையாததாகும்.