பலகையிற் பிசிறின்றித் துளையிடுதல்

எமது பாலர் வகுப்புக்கென 247 எழுத்துகளையும் மரச்சில்லுகளில் எழுதி, நூலிற் கோக்க முற்பட்டோம். முன்புறம் எழுத்து, பின்புறம் அவ்வெழுத்துடைய ஒரு சொல். துளையிட்டபோது முன்புறம் அழகாக அமைந்தது. பின்புறமோ சிலாம்பாகப் பெயர்ந்து சொல்லைச் சிதைத்தது. சிறுவர் விரலிற் சிலாம்பு ஏறுமாயின் எழுத்தின்மீதே வெறுப்புண்டாகும் அன்றோ?

துளைக்கும் அலகு மரநார்களை வெட்டியவாறு இறங்குகின்றது. மேலுள்ள நார்களைக் கீழுள்ள மரம் தாங்கும். கடைசி நார்களுக்கோ தாங்குவார் எவருமிலர். ஆதலால் அவை வெட்டுப்படுமுன் வளைந்து பிய்கின்றன. ரொறன்ரோக் கடைகளிற் கிடைக்கும் பேர்ச் ஒட்டுப்பலகையின் புறப்படலம் மிக மெல்லியது. அதில் இக்குறை அதிகம்.

கழிவுப் பலகையொன்றைப் பின்னால் இடைவெளியின்றி வைத்துக் கவ்வியால் இறுக்குதல் வேண்டும். முன்னர் துளைத்த பள்ளத்தின்மேல் மீண்டும் வைத்தலாகாது. அங்கே தாங்கல் இல்லை. 3 மில்லிமீற்றர் துளைக்கு நடுவிலே கூர்முனையுள்ள மர அலகு உகந்தது. மழுங்கிய அலகு நாரை வெட்டாது, தள்ளும். முடிவை நெருங்குகையிற் கையழுத்தத்தைக் குறைக்க வேண்டும். தாங்குபலகை இல்லாவிடின், கூர்முனை பின்புறம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, சில்லைத் திருப்பி, அப்புள்ளியிலிருந்து துளைத்து முடிக்கலாம்.

ஊரிலே தச்சாசாரியார் வில்லும் கயிறும் கொண்டு துறப்பணம் சுழற்றுகையில் அடியிற் பழம்பலகை வைத்ததைக் கண்டிருக்கின்றோம். காரணம் கேட்டிலோம், இலக்கணம் கற்பிப்பதே போதுமென்றிருந்த காலம் அது.

நான்கு முறை கெட்ட ‘ழ’ ஐந்தாம் முறை தப்பியது. எஞ்சிய சில்லுகளை மேல்வகுப்பு மாணவர் துளைக்கின்றனர். பாதுகாப்புக் கண்ணாடி அணிவித்து, ஆசிரியர் ஒருவர் அருகிருக்கவே மின்துறப்பணத்தைக் கையிற் கொடுக்கின்றோம்.