நீலத்துணியின் நெடும்பயணம்

முன்னுரை

ஒரு பொருள் தோன்றும் இடமும் அது பயன்படும் இடமும் பெரும்பாலும் வேறுவேறாகவே உள்ளன. அவ்விரண்டிற்கும் இடையே மூலப்பொருள் திரட்டல், உருவாக்கல், தரம் பார்த்தல், சேமித்தல், ஏற்றி அனுப்பல், விற்றல் எனப் பல படிகள் அமைகின்றன. இப்படிகளை ஒன்றோடொன்று இணைத்து நடத்துவதை வணிகவியலார் வழங்கல் தொடர் மேலாண்மை என்பர். ஒவ்வொரு படியிலும் ஆள், கருவி, காலம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவது செயற்பாட்டு மேலாண்மை. இவை அண்மையில் மேலைநாட்டிலிருந்து வந்த கல்விகள் என மாணவர் பலர் எண்ணுகின்றனர். பெயர் புதிது, தொழில் பழையது. புதுச்சேரியிலிருந்து மேற்கு ஆப்பிரிக்கா வரை சென்ற நீலத்துணியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தறி முதல் கப்பல் வரை

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. பிரான்சுவா மார்த்தேன் 1674இல் புதுச்சேரியில் நிலைகொண்டார். கம்பெனி இங்கு நாடி வந்தது துணியையே. அத்துணிகளுள் அவுரிச் சாயம் தோய்த்த கருநீலப் பருத்தித் துணியும் ஒன்று. பிரெஞ்சுக்காரர் இதனைக் ‘கினே’ என்றழைத்தனர். மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்குரிய கினியா என்னும் பெயரே துணிக்கும் ஆயிற்று.

கம்பெனி தானே நெய்யவில்லை; நெசவாளரிடம் நேரே வாங்கவும் இல்லை. துணிகளின் வகை, எண்ணிக்கை, விலை, ஒப்படைக்கும் காலம் ஆகியவற்றைக் குறித்து உள்ளூர் வணிகருடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. வணிகர் பெற்ற முன்பணம் தரகர் வழியாக ஊர் ஊராகச் சென்று நெசவாளர் கையை அடைந்தது. நூற்போர், நெய்வோர், சாயமிடுவோர், வெளுப்போர் எனத் துணி பல கைகள் மாறி நகரத்தை அடைந்தது. அங்கே மாதிரித் துணியுடன் ஒப்பிட்டுத் தரம் பிரித்து, பொதிகளாகக் கட்டிக் கிட்டங்கியில் அடுக்கினர்.

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையைவிட்டு விலகி ஆழ்கடலில் நங்கூரமிட்டன. கயிற்றால் தைத்த பலகைகளால் ஆன சலங்குகளே அலைகளைக் கடந்து பொதிகளைக் கப்பலில் சேர்த்தன. ஐரோப்பியரின் பெருமுதலும் இக்கரைக்கு வந்தபின் நம் படகோட்டிகளின் கைத்திறனையே நம்பி நின்றது.

காலமும் முதலும்

இத்தொடரை ஆண்டது பருவக்காற்று. வடகிழக்குப் பருவம் தொடங்கும் ஐப்பசிக்குமுன் கப்பல்கள் இக்கரையைவிட்டு விலகுவது வழக்கம். குறித்த காலத்தில் துணி வந்து சேராவிடின் கப்பல் பாதிச் சரக்குடன் செல்ல நேரும். கப்பல் வாராவிடின் துணி கிட்டங்கியில் முடங்கும். நன்னம்பிக்கை முனை வழியாக ஐரோப்பாவை அடைய ஏறத்தாழ ஆறு மாதம் ஆயிற்று. ஆகவே இடப்பட்ட முதல் மீள ஓர் ஆண்டுக்கு மேலாகும்.

துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இந்த வணிகத்தை உள்ளிருந்து காட்டுகிறது. கப்பல் வருகையும் துணி ஒப்பந்தமும் பணத்தட்டுப்பாடும் அதில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. கப்பல் வரும் செய்தி வெறும் செய்தியன்று. வெள்ளி வரும் செய்தி. வெள்ளி வந்தால் முன்பணம் உண்டு. முன்பணம் உண்டேல் தறி ஓடும். பொருள் கடலை நோக்கிச் செல்ல, பணமும் செய்தியும் கடலிலிருந்து ஊரை நோக்கி வந்தன. இம்மூன்றில் எது தடைப்பட்டாலும் மற்றவையும் நின்றன.

அந்நிலையில் காத்திருப்பின் சுமையைத் தாங்கியவர் யார்? கம்பெனிக்குக் கடன் பெற வழியிருந்தது. வணிகருக்கு வேறு சரக்குகள் இருந்தன. அன்றாடம் தறியில் உழைத்து உண்ட நெசவாளருக்குச் சேமிப்பு குறைவு. எனினும் பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அவருக்கு ஒரு காப்பு இருந்தது. இக்கரையில் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், டச்சுக்காரர், டேனியர் எனப் பல கம்பெனிகள் துணிக்குப் போட்டியிட்டமையால், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து வேறு வணிகரிடம் செல்ல அவரால் இயன்றது. ஆங்கிலேயர் ஆதிக்கம் ஓங்கியபோது தமிழகத்தின் பெரும்பகுதியில் அந்த உரிமை சுருங்கியது. ஒரு தொடரின் முதற்கண்ணியில் இருப்பவருக்கு வேறு வழி உண்டா என்பதே அத்தொடரின் நேர்மையை அளக்கும் கோல் எனலாம்.

தரமும் வாங்குவோரும்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக வாங்குவதற்கு ஐரோப்பியர் கொடுத்த பண்டங்களுள் இந்தியத் துணியும் ஒன்று. நெய்த கைகள் அறியாத இக்கொடுமையை நாம் மறைத்தல் தகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலத்துணி செனகல் ஆற்றங்கரையில் வேலம்பிசினுக்கு மாற்றாயிற்று. அப்பிசின் ஐரோப்பியத் துணி அச்சுத் தொழிலுக்கு இன்றியமையாதது. அதனை விற்ற மூர் இன முஸ்லிம் வணிகர்கள் நீலத்துணியைப் பணமாகவே கொண்டு கணக்கிட்டனர்.

ஐரோப்பிய ஆலைகள் போலித் துணிகளை அனுப்பிப் பார்த்தன. பாலைநில வணிகரோ துணியைத் தொட்டும் முகர்ந்தும் புதுச்சேரிச் சரக்கை இனங்கண்டனர். அதே வேளையில் இங்கிருந்தும் நீளமும் எடையும் குறைந்த துணிகள் செல்லவே, 1840களில் பிரெஞ்சு அரசு அளவும் எடையும் வரையறுத்துக் கட்டுப்பாடு விதித்தது. தரம் என்பதை இறுதியில் முடிவு செய்பவர் தொடரின் கடைக்கோடியில் நிற்கும் வாங்குவோரே என்பது இதனால் விளங்கும்.

ஆலைகளின் காலம்

1820களின் இறுதியில் எழுந்த சவானா ஆலை புதுச்சேரியில் இயந்திர நூற்புக்கு வழிகாட்டியது. 1898இல் பின்னாளில் ரோடியர் ஆலை எனப் பெயர்பெற்ற ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை தோன்றியது. 1879இல் விழுப்புரத்துடன் இருப்புப்பாதை இணைந்தது. பல ஊர்களில் சிதறியிருந்த படிகள் ஒரே மதிலுக்குள் வந்தன. வேகம் கூடியது, வேலை நேரமும் நீண்டது. 1936 சூலை 30 அன்று சவானா ஆலைப் போராட்டத்தில் துப்பாக்கிச்சூட்டிற்குப் பன்னிரு தொழிலாளர் பலியாயினர். அதன் பின்னரே எட்டு மணி நேர வேலை இங்குச் சட்டமாயிற்று.

காலப்போக்கில் சந்தை மாறியது. பழைய இயந்திரங்கள் போட்டிக்கு ஈடுகொடுக்கவில்லை. 2011 திசம்பரில் வீசிய ‘தானே’ புயல் ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையைக் கடுமையாகத் தாக்கியது. 2020இல் அந்த ஆலையும் சுதேசி, பாரதி ஆலைகளும் மூடப்பட்டன.

முடிவுரை

குறித்த காலம், குறைந்த செலவு, நிலைத்த தரம் ஆகிய மூன்றையும் மேலாண்மை நூல்கள் வலியுறுத்துகின்றன. புதுச்சேரியின் நீலத்துணி நான்காவதாக ஒன்றையும் கேட்கச் சொல்கிறது: தாமதமும் இழப்பும் நேரும்போது அவற்றை யார் தோளில் ஏற்றுகிறோம்? வணிகவியல் பயின்று நாளை கிட்டங்கிகளையும் ஆலைகளையும் நிருவகிக்கப்போகும் மாணவர்கள் கணக்கேட்டின் முதற்பக்கத்திலேயே இக்கேள்வியை எழுதிக்கொள்வார்களாக. உழைத்தவனுக்கு உரிய கூலி உரிய காலத்தில் சென்று சேரும் தொடரே நெடுநாள் நிலைக்கும்.