உங்களுக்குத் தெரியுமா? கொழுப்பு மாத்திரையும் காளான் கேப்சூலும்

செந்தூல் பாசார் பக்கம் எத்தனையோ வீடுகளில் சாப்பாட்டு மேசையில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன: அரசாங்க கிளினிக்கில் கொடுத்த கொழுப்பு மாத்திரை, உறவினர் யாராவது ‘இயற்கைதான், பயமில்லாமல் சாப்பிடுங்க’ என்று விற்றுவிட்டுப் போன கேப்சூல் போத்தல். மலேசியப் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம் என்கிறது 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு.

● கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்து பிறந்ததே பூஞ்சையில்தான். ஜப்பானின் அகிரா எண்டோ 6,000க்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்து, 1973இல் முதல் ஸ்டேட்டினைக் கண்டுபிடித்தார். கைகொடுத்தது, கியோத்தோ அரிசிக்கடைத் தானியத்தில் படர்ந்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சை.

● சீன மருந்துக்கடைகளில் கிடைக்கும் ‘அங்காக்’ என்ற கருஞ்சிவப்பு அரிசியும் பூஞ்சையால் புளிக்க வைத்ததே. அந்த இனப் பூஞ்சையிலிருந்து 1979இல் எண்டோ பிரித்தெடுத்த மொனாகோலின் கே, 1987இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்ற லோவாஸ்டேட்டினேதான். ஆகவே சிம்வாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் மாத்திரையோடு இந்த அரிசியில் செய்த சிவப்பரிசிக் கேப்சூலும் போடுபவர் இரண்டு ஸ்டேட்டின் சாப்பிடுகிறார். கேப்சூலில் எவ்வளவு இருக்கிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஸ்டேட்டின் அளவு மிஞ்சினால் தசை பாதிக்கப்படலாம்; தொடை, தோள் தசைகள் காரணமின்றி வலித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீர் தே ஓ நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்; தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

● ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சிவப்பரிசிக் கேப்சூல்களின் மொனாகோலின் அளவை ஒரு நாளைக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே கட்டுப்படுத்தியது. கொழுப்பு மருந்து சாப்பிடுபவர்கள் தொடக்கூடாது என்று லேபிளிலேயே போடவும் சொன்னது.

● 2024 மார்ச்சில் ஜப்பானின் கொபயாஷி நிறுவனம் தன் சிவப்பரிசி மாத்திரைகளைத் திரும்பப் பெற்றது. தயாரிப்பில் புகுந்த வேறொரு பூஞ்சையின் நச்சு, நூற்றுக்கணக்கானோரை மருத்துவமனையில் படுக்க வைத்தது.

● லிங்ஷி காளான் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. மாரடைப்புக்குப் பின் ஸ்டேட்டினோடு ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சாப்பிடுபவர்கள் லிங்ஷி காப்பியைப் பற்றியும் மருத்துவரிடம் வாய்திறக்க வேண்டும்.

● சிப்பிக் காளானிலும் இயற்கையாகவே லோவாஸ்டேட்டின் உண்டு. ஆனாலும் குழம்பில் போடும் காளானுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

● கிரேப்ஃபுரூட் சாறு சிம்வாஸ்டேட்டின், அட்டோர்வாஸ்டேட்டின் இரண்டின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். ஈப்போ தம்புன் பக்கம் தொங்கவிட்டு விற்கும் பம்ப்ளிமாஸும் அதே குடும்பம், அதே வகை வேதிப்பொருள். ரோசுவாஸ்டேட்டினுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

● கேப்சூல் பெட்டியிலுள்ள ‘எம்ஏஎல்’ (MAL) எண் ‘டி’ (T) என்று முடிந்தால் அது பதிவு பெற்ற பாரம்பரிய மருந்து. உங்கள் மாத்திரையோடு அது ஒத்துப்போகும் என்பதற்கு அந்த எண் உத்தரவாதமல்ல.

● பயந்துபோய் ஸ்டேட்டினை நிறுத்திவிடாதீர்கள். ஓரங்கட்ட வேண்டியது கேப்சூலைத்தான். அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது போத்தல், பொட்டலம், காப்பி பாக்கெட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போய் ஃபார்மசி கவுண்டரில் காட்டுங்கள். மருந்தாளர் கோபிக்க மாட்டார்.