லிகூரியா: வாக்குச்சீட்டில் ஏறிய ஊர்ப்பெருமை

1970 ஜூன் 7, 8 தேதிகளில் இத்தாலியின் சாதாரணப் பிராந்தியங்கள் முதன்முறையாகத் தங்கள் மன்றங்களைத் தேர்ந்தெடுத்தன. 1948 அரசியல் சட்டம் தந்த உரிமை 22 ஆண்டு தாமதமாகக் கைக்கு வந்தது. நாடு முழுவதும் 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் வாக்களித்தார்கள். மலைக்கும் கடலுக்கும் நடுவே பிறையாய் வளைந்து கிடக்கும் லிகூரியாவும் அந்தப் பிராந்தியங்களில் ஒன்று.

அன்று அங்கே போட்டியிட்ட பெரிய கட்சிகள் எல்லாம் தேசியக் கட்சிகள்: கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி, சோஷலிஸ்ட் கட்சி. ஜெனோவா துறைமுகத்தில் 'கமல்லி' என்று அழைக்கப்படும் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கும், கார்னிலியானோ உருக்காலைத் தொழிலாளர்களுக்கும் அரசியல் என்றால் சங்கமும் கட்சியும்தான். தேவாலயத்தைச் சார்ந்து வாழ்ந்த குடும்பங்கள் மறுபக்கம் நின்றன. 1975 தேர்தலுக்குப் பின் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆஞ்சலோ கரோசினோ பிராந்தியத் தலைவரானார். லிகூரிய மொழி வீட்டிலும் மீன் சந்தையிலும் துறைமுகத்திலும் புழங்கியது. அதைக் காட்டி ஓட்டுக் கேட்க வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை.

ஆனால் மனத்தாங்கல்கள் இருந்தன. அவை மிகப் பழையவை. ஜெனோவா குடியரசை 1797இல் நெப்போலியன் முடித்துவைத்தார். 1815இல் வியன்னா மாநாட்டு முடிவின்படி அது சவோய் அரச வம்சத்தின் கைக்குப் போனது. 1860இல் அதே வம்சம் நீஸ் நகரத்தைப் பிரான்சுக்குக் கொடுத்தபோது பெயருக்காவது ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஜெனோவாவிடம் எவரும் கேட்கவில்லை. 1849இல் நகரம் கிளர்ந்தெழுந்தபோது ஜெனரல் லா மார்மோராவின் பீரங்கிகள் அதை அடக்கின. வாக்கெடுப்பில்லாத அந்த இணைப்பு செல்லாது என்று வாதிடும் சிறு சுதந்திர இயக்கம் ஒன்று பின்னாளில் தோன்றியதற்கு வேர் இதுதான்.

ஜெனோவாவின் குறை இப்படியென்றால், மற்ற ஊர்களின் குறையே ஜெனோவாதான். 1528இல் போட்டித் துறைமுகமான சவோனாவைக் கல் போட்டுத் தூர்த்தது ஜெனோவா. 1753இல் எதிர்த்து எழுந்த சான்ரேமோவை அடக்கியதும் அதுவே. ஒரே பிராந்தியம், ஒரே மக்கள் என்ற பேச்சுக்கு அடியில் இந்தக் கணக்குகள் எப்போதும் தீராமல் கிடக்கின்றன.

இன்று நிலைமை தலைகீழ். கட்சிகள் பலவீனப்பட்ட இடத்தை ஊர்ப்பெயர் பிடித்துக்கொண்டது. 1999இல் நடந்த அரசியல் சட்டத் திருத்தம் பிராந்தியத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழி செய்தது. 2000 முதல் வேட்பாளரின் முகமும் அவர் பெயர் தாங்கிய பட்டியல்களும் முன்னுக்கு வந்தன. 2015இல் வென்ற ஜொவான்னி தோத்தி பக்கத்துப் பிராந்தியமான தஸ்கனியில் பிறந்தவர், தொலைக்காட்சிப் பத்திரிகையாளர். 2024 மே மாதம் ஊழல் குற்றச்சாட்டில் அவர் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். ஜூலையில் பதவி விலகினார். அக்டோபர் 27, 28இல் புதிய தேர்தல் வந்தது.

இந்த முறை 'லிகூரியாவின் பெருமை' என்ற பொருளில் ஒரு பட்டியலே வாக்குச்சீட்டில் இடம்பெற்றது. அது ஆதரித்த வேட்பாளர் மார்கோ புச்சி, ஜெனோவாவின் அப்போதைய மேயர். 2018இல் மொராந்தி பாலம் இடிந்து 43 பேர் இறந்த பிறகு, புதிய பாலத்தை 2020இலேயே எழுப்பிக் காட்டிய பொறுப்பு அவருடையது. எதிரில் லா ஸ்பேட்சியாக்காரரான முன்னாள் அமைச்சர் அந்திரேயா ஒர்லாந்தோ. ஜெனோவா நகரத்தில் அதன் மேயர் பின்தங்கினார். பிரான்ஸ் எல்லையை ஒட்டிய இம்பீரியா மாவட்டம் அவரைக் கரையேற்றியது. புச்சிக்கு 48.8 விழுக்காடு, ஒர்லாந்தோவுக்கு 47.4. வாக்களித்தவர்களோ 46 விழுக்காடுதான்.

மொழியின் கதையும் இதையொட்டியதே. லிகூரியாவின் வீடுகளில் முதியவர்களோடு அது மங்கி வருகிறது. இத்தாலியிலேயே முதியோர் விகிதம் மிக அதிகமுள்ள பிராந்தியம் இது என்பதால் இந்த இழப்பு கூடுதல் வேகம் பெறுகிறது. 12 சிறுபான்மை மொழிகளுக்குப் பாதுகாப்புத் தரும் 1999ஆம் ஆண்டின் 482ஆம் எண் சட்டத்தில் லிகூரிய மொழிக்கு இடமில்லை. அதே மொழியின் ஒரு கிளை, 1738இல் குடியேறியவர்களின் வழித்தோன்றல்களிடம், சர்தீனியாவை ஒட்டிய தீவிலுள்ள கார்லோஃபோர்த்தே ஊரில் இன்றும் அன்றாடப் பேச்சாக இருக்கிறது. சர்தீனியப் பிராந்தியச் சட்டம் அதை அங்கீகரித்தும் இருக்கிறது. தாய் நிலத்தில் தேயும் மொழி, கடல் கடந்த ஊரில் தெருவிலும் வீட்டிலும் நிற்கிறது.

பட்டியலின் பெயரில் 'லிகூரியா' என்று போடுவது எளிது. ஆனால் பிராந்திய அரசின் செலவில் பெரும்பகுதி மருத்துவத்துக்குப் போகிறது. முதியவர்கள் நிறைந்த ஒரு நிலத்தில் அடையாளத்தின் உண்மையான சோதனை மருத்துவமனை வாசலிலும் வகுப்பறையிலும்தான் நடக்கும். 1970இல் ஊர்ப்பெருமை வாக்குச்சீட்டில் இல்லை. மக்கள் வாக்குச்சாவடியில் இருந்தார்கள். 2024இல் ஊர்ப்பெருமை வாக்குச்சீட்டுக்கு வந்துவிட்டது. மக்களில் பாதிக்கும் மேலானோர் வரவில்லை.