நெஞ்சு நோ மாறினாலும் மாரடைப்பு முடிவதில்லை

"டொக்டர், நோ முழுக்க மாறிப்போச்சு. இனியும் ஏன் என்னை மறிச்சு வைச்சிருக்கினம்? ஞாயிற்றுக்கிழமை மகளின்ர கலியாணம். நான் வீட்டை போகப்போறன்."

வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடி என்னை அழைத்தவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நீரிழிவுக்கும் பிரஷருக்கும் பல வருடங்களாக என்னிடம் மருந்து எடுப்பவர். செவ்வாய்க்கிழமை அதிகாலை அவருக்கு மாரடைப்பு வந்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். வலி நின்றது. அவர் என்னுடன் பேசியது வியாழக்கிழமை.

"அங்கை சொல்லுறபடி கேளுங்கோ மாஸ்டர்" என்று மட்டும் சொன்னேன். வெளியே நோயாளர்கள் காத்திருந்தார்கள். ஏன் இருக்க வேண்டும் என்று விளக்க எனக்கு நேரம் இருக்கவில்லை; அல்லது நேரம் ஒதுக்கவில்லை. அன்று மாலையே சொந்தப் பொறுப்பில் கையொப்பம் வைத்துவிட்டு அவர் வீடு போய்விட்டார்.

சனிக்கிழமை நள்ளிரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தார். மூச்சு முட்டியது. இருமலோடு நுரையாகச் சளி வந்தது. 1990 அம்புலன்ஸ்தான் அவரைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மகளின் கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில் அவர் ஒட்சிசன் முகமூடியுடன் படுத்திருந்தார்.

அன்று தொலைபேசியில் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கு எழுதுகிறேன்.

வலி நின்றால் என்ன பொருள்?

இதயத் தசைக்கு இரத்தம் கொடுப்பவை முடியுரு நாடிகள். அவற்றில் ஒன்று கட்டியால் திடீரென அடைபடும்போது, அது இரத்தம் வழங்கும் தசைப் பகுதி சாகத் தொடங்குகிறது. ஊசி கட்டியைக் கரைக்கிறது. வசதியுள்ள பெரிய வைத்தியசாலைகளில் நாடிக்குள் குழாய் செலுத்தி, அடைப்பை விரித்து, ஸ்டென்ட் வைக்கிறார்கள். இரண்டும் எஞ்சியுள்ள தசையைக் காப்பாற்றும் வழிகள். இறந்துபோன தசை மீண்டும் உயிர்பெறாது. அது மென்மையாகி, மெல்ல மெல்லத் தழும்பாக மாறுவதற்குச் சில வாரங்கள் எடுக்கும்.

வலி நின்றது என்றால் வழி திறந்திருக்கலாம். ஆனால் காயம் ஆறிவிட்டது என்று பொருள் இல்லை. நீரிழிவு உள்ளவர்களில் நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதால், வலியே இல்லாமல் மாரடைப்பு வருவதும் உண்டு. ஆகவே வலியை மட்டும் வைத்து எதையும் முடிவெடுக்க முடியாது.

முதல் மணித்தியாலங்கள்: தாளம் தவறும் இதயம்

மாரடைப்பு வந்த உடனேயே ஏற்படும் மரணங்களுக்கு முக்கிய காரணம் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைவதாகும். காயப்பட்ட தசையில் மின்னோட்டம் தாறுமாறாகி, இதயவறை துடிப்பதற்குப் பதிலாக வெறுமனே நடுங்குகிறது. இரத்தம் வெளியேறுவதில்லை. ஆள் சில செக்கன்களில் மயங்கி விழுவார்.

இதற்கு மருந்து மின்னதிர்ச்சி. அது தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அதனால்தான், மாரடைப்பு நோயாளரை மின்னதிர்ச்சிக் கருவியும் பயிற்சி பெற்ற தாதியரும் உள்ள ஒரே இடத்தில் வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்று 1961 இல் பிரித்தானிய மருத்துவர் டெஸ்மண்ட் ஜூலியன் எழுதினார். இன்றைய இதய அவசர சிகிச்சைப் பிரிவுகள் அந்த யோசனையிலிருந்து வளர்ந்தவை.

வீட்டில் ஒருவர் இப்படி விழுந்து, அசைவும் சீரான மூச்சும் இல்லாவிட்டால், 1990 ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்ரிமீற்றர் அளவு ஆழமாக அழுத்திக்கொண்டே இருங்கள்.

சிலருக்கு எதிர்மாறாகத் துடிப்பு மிகவும் மெதுவாகிவிடும். இதயத்தின் கீழ்ப்புறத்தில் வரும் மாரடைப்பில் இது அதிகம். தற்காலிக பேஸ்மேக்கர் வைத்துச் சில நாட்கள் தாங்கினால், பெரும்பாலும் துடிப்பு தானாகவே திரும்பிவிடும்.

பம்ப் களைக்கும்போது

மாஸ்டருக்கு நடந்தது இதுதான். இடது இதயவறையின் தசையில் ஒரு பகுதி வேலை செய்யாததால், நுரையீரலிலிருந்து வரும் இரத்தத்தை முழுமையாக வெளியே தள்ள முடியவில்லை. இரத்தம் பின்னே தேங்க, நுரையீரலுக்குள் நீர் கசிந்தது. படுத்தால் மூச்சு முட்டும், நிமிர்ந்து இருந்தால் சற்றுச் சுகம் என்பது இதன் அடையாளம்.

ஒட்சிசன், நீரை வெளியேற்றும் புருசமைட் ஊசி, இரத்தக் குழாய்களை விரிக்கும் நைட்ரேட் மருந்து என்பவற்றால் பலர் சில மணித்தியாலங்களில் தேறிவிடுவார்கள். ஆனால் தசை மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டால் பிரஷர் விழுந்து, கைகால் குளிர்ந்து, சிறுநீர் போவது குறையும். இது மிக ஆபத்தான நிலை. அடைப்பை உடனடியாகத் திறப்பதே அப்போது உயிரைக் காக்கக்கூடிய சிகிச்சை.

முதல் வாரம்: மென்மையான தசை கிழியும் ஆபத்து

இது அரிது, ஆனால் கொடியது. மாரடைப்பு வந்து முதல் ஒரு வாரத்துக்குள், இறந்த தசை மிக மென்மையாக இருக்கும் நாட்களில், அது கிழிந்துவிடலாம். இரு இதயவறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் ஓட்டை விழலாம். வால்வைத் தாங்கும் தசை அறுந்து இரத்தம் பின்னோக்கிப் பாயலாம். வெளிச்சுவரே வெடிக்கவும் கூடும். சிகிச்சைக்குத் தாமதமாக வந்தவர்களிலும் முதியவர்களிலும் இது அதிகம். வைத்தியர் தினமும் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது, புதிதாக ஓர் இரைச்சல் வந்திருக்கிறதா என்று அறியவும்தான். எக்கோ பரிசோதனை இதை உறுதிசெய்யும். சத்திரசிகிச்சைதான் வழி.

இதே நாட்களில், அசையாத தசையின் உட்புறத்தில் இரத்தம் உறையலாம். அந்தக் கட்டி பிரிந்து மூளைக்குப் போனால் பாரிசவாதம். எக்கோவில் கட்டி தெரிந்தால் வார்பரின் போன்ற மருந்து சில மாதங்களுக்குக் கொடுப்பார்கள்.

வாரங்கள் கழித்து

சிலருக்குச் சில வாரங்களின் பின் காய்ச்சலோடு மீண்டும் நெஞ்சு வலிக்கும். மூச்சை உள்ளிழுக்கும்போது கூடி, முன்னே குனிந்து உட்காரும்போது குறையும். இது இதயத்தைச் சுற்றியுள்ள சவ்வின் அழற்சி. 1956 இல் இதை விவரித்த ட்ரெஸ்லரின் பெயரால் அழைக்கப்படுகிறது. அஸ்பிரின், கொல்கிசின் போன்றவற்றால் மாறும். ஆனால் இது அதுதான் என்று நீங்களே தீர்மானிக்க வேண்டாம். மீண்டும் வலி வந்தால் உடனே ஈசீஜீ எடுக்க வேண்டும்.

வீடு திரும்பிய பின்

ஸ்டென்ட் வைத்தவர்கள் அஸ்பிரினுடன் குளோபிடோகிரல் போன்ற இன்னொரு மருந்தையும் வழக்கமாக ஒரு வருடம் எடுக்க வேண்டும். பல்லுப் பிடுங்குவதற்காகவோ, வயிறு எரிகிறது என்பதற்காகவோ அவற்றைத் தாமாக நிறுத்தக்கூடாது. ஸ்டென்ட் திடீரென அடைபடலாம். மூட்டு வலிக்கு டைக்குளோபெனாக் போன்ற குளிசைகளைப் பார்மசியில் கேட்டு வாங்கிப் போடுவதும் கூடாது. அவை இதயத்துக்குக் கெடுதி.

பம்ப் பலவீனமானவர்கள் தினமும் காலையில் நிறை பார்க்க வேண்டும். மூன்று நாட்களில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பல்ல, உடலில் தேங்கும் நீர். கால் வீங்கும்வரை காத்திராமல் அப்போதே வாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாரடைப்பின் பின் பலர் மனம் சோர்ந்துபோகிறார்கள். நடக்கப் பயம், தனியே இருக்கப் பயம். அதையும் வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

மாஸ்டர் இப்போது மாதம் ஒருமுறை வருகிறார். அவரது இதயம் பழைய பலத்துக்குத் திரும்பவில்லை. மாடிப்படி ஏறினால் களைக்கிறது. கையில் ஒரு கொப்பி கொண்டுவருவார். நாளும் நிறையும் வரிசையாக எழுதி, ஏறிய நாட்களைச் சிவப்புப் பேனையால் கீறியிருப்பார்.

"அண்டைக்கு இதை விளங்கப்படுத்தியிருந்தா நான் வந்திருக்க மாட்டன் டொக்டர்" என்று ஒருநாள் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு நான் "சொல்லுறபடி கேளுங்கோ" என்று யாரிடமும் சொல்லி நிறுத்துவதில்லை.

உங்கள் வீட்டில் யாராவது மாரடைப்பு வந்து வைத்தியசாலையில் இருந்து, வலி இல்லை, போவோம் என்று அவசரப்பட்டால், இன்னும் ஏன் இருக்க வேண்டும் என்று அங்குள்ள வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் தெரிந்தால் அந்தச் சில நாட்களைப் பொறுத்துக்கொள்வது கடினமாக இராது.